லினக்ஸ் கேர்னலின் மூலநிரல்: எந்தக் கதவால் உள்ளே போவது?

மூங்கிலாறு எழுதியது:

வணக்கம். புதுக்குடியிருப்பில் கணினியும் கைத்தொலைபேசியும் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஒதுக்கிப் போட்ட கணினிகள் என்னிடம் வரும். விண்டோஸ் ஏற்றினால் இழுத்துப் பறித்து ஓடுகிற பெட்டிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் இன்னும் சில வருடங்கள் பிழைக்கும். ஆகவே பாவனையாளர் என்ற அளவில் லினக்ஸ் எனக்குப் புதிதல்ல. தொழில்நுட்பக் கல்லூரியில் சி மொழி படித்திருக்கிறேன். நினைவக முகவரியைச் சுட்டும் பொயின்டர் என்றால் பயமில்லை.

அண்மையில் ஒருவர் யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய பதிப்பில் வேலை செய்தது, புதிய பதிப்பில் அசையவில்லை. தேடியபோதுதான் சாதனங்களை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடு சேர்ந்தே வருகின்றன என்று தெரிந்தது. அன்றிலிருந்து உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

இரவு டேட்டாவில் மூலநிரலை இறக்கினேன். சுருக்கிய கோப்பு நூற்று முப்பது, நாற்பது மெகாபைட்தான். விரித்தால் ஒரு கிகாபைட்டைத் தாண்டுகிறது. ஆர்க், புளொக், டிரைவர்ஸ், எஃப்எஸ், இனிட், எம்எம், நெட் என்று அடைவுகள். கேர்னலுக்குள்ளேயே கேர்னல் என்ற பெயரில் இன்னோர் அடைவு. மெயின் எங்கே என்று தேடினால் பட்டியல் முடிகிறபாடில்லை. ஒரு கோப்பைத் திறந்தால் அது இருபது கோப்புகளைக் கேட்கிறது.

இதை வடிவமைத்தவர் கையில் ஒரு வரைபடம் இருந்திருக்கும் அல்லவா? அது எங்கே கிடைக்கும்? ஒருவரையொருவர் கண்டிராத ஆயிரக்கணக்கானோர் எழுதும் நிரல் எப்படி இடியாமல் நிற்கிறது? என்னிடம் இருப்பது இரண்டு கோர், 4 கிகாபைட் நினைவகம். ஐப்பசி மின்னல் தொடங்கிவிட்டால் பின்னேரங்களில் அதையும் கழற்றி வைக்க வேண்டும். இந்த வசதிக்குள் செய்யக்கூடிய வழியைச் சொல்லுங்கள்.

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

தம்பி, வரைபடம் என்று ஒன்று இல்லை. அதைத் தேடிக்கொண்டிருக்கும் வரைக்கும் கேர்னல் உங்களுக்கு விளங்காது.

1991 ஓகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற சிறிய பணிசெயல் முறைமையின் பாவனையாளர்களுடைய செய்திக்குழுவில் ஒரு அறிவிப்புப் போட்டார். 386 கணினிக்குப் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமை எழுதுகிறேன், பெரிதாக எதுவும் வராது என்பதுதான் அதன் சாரம். அடுத்த மாதம் வந்த 0.01 பதிப்பில் ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகள். இன்று மூன்று கோடியைத் தாண்டிவிட்டது. பத்தாயிரத்தை மூன்று கோடியாக்கும் திட்டம் எவரிடமும் இருக்கவில்லை. தேவை வந்த இடத்தில் வளர்ந்தது, தாங்காத இடத்தில் இடித்துக் கட்டப்பட்டது.

ஆனால் பெரிய முடிவுகள் சில உண்டு. மினிக்ஸை எழுதிய அன்ட்ரூ டனன்போம் 1992 ஜனவரியில் அதே குழுவில் லினக்ஸ் காலாவதியானது என்று எழுதினார். கேர்னல் சிறிதாக இருக்க வேண்டும், கோப்பு முறைமையும் டிரைவர்களும் அதற்கு வெளியே தனித்தனிப் புரோசஸ்களாக, அதாவது தனி நிரல்களாக ஓட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே கட்டியாகச் செய்வது எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது என்பது அவருடைய கட்சி. டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் லினக்ஸ் ஒரே கட்டிதான். டிரைவர், கோப்பு முறைமை, வலையமைப்பு எல்லாம் ஒரே நினைவகவெளியில், ஒரே அதிகாரத்தோடு ஓடுகின்றன. மொடியூல்கள் எனப்படும் துண்டுகளைக் கேர்னல் ஓடும்போதே ஏற்றி இறக்கலாம். ஆனால் ஏற்றிய பின் அவையும் அந்தக் கட்டியின் பகுதிதான். ஆகவேதான் மோசமான ஒரு டிரைவர் முழுக் கணினியையும் விழுத்துகிறது. வேகத்துக்காகக் கொடுத்த விலை அது. என் கணக்கில் அந்த விலை நியாயமானது, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இனி உங்கள் கதவு. மெயின் என்று தேட வேண்டாம். இனிட் அடைவில் மெயின் என்ற கோப்பு இருக்கிறது, அதில் ஸ்டார்ட்-கேர்னல் என்ற செயற்கூறு. ஒன்றன்பின் ஒன்றாக நினைவகம், இடைமறிப்பு, கடிகாரம், எந்தப் புரோசஸ் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெடியூலர் என்று தயார்ப்படுத்தி, கடைசியில் முதலாவது புரோசஸை எழுப்பிவிடும். ஒருமுறை பாருங்கள், பிறகு மூடிவிடுங்கள். அது கணினி எழும்பும்போது ஒரே தடவை நடக்கும் சடங்கு. கேர்னல் எழும்பிய பிறகு தானாக எங்கும் போவதில்லை. யாராவது அழைத்தால், அல்லது வன்பொருள் தட்டினால் மட்டுமே விழிக்கிறது. ஆகவே மேலிருந்து கீழே வாசிக்கக்கூடிய பொருளே அல்ல அது. ஓர் அழைப்பைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியே போக வேண்டும்.

இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும்போது எந்தக் கமக்காரரும் தானே போய்த் துருசைத் திறப்பதில்லை. கேட்க வேண்டும், குறித்த ஆள் திறப்பார். நிரலுக்கும் வன்தட்டுக்கும் உள்ள உறவும் இப்படித்தான். செயலியின் அதிகார நிலைகளில் லினக்ஸ் இரண்டைப் பாவிக்கிறது. உங்கள் நிரல் தாழ்ந்த நிலையில் ஓடுகிறது, வன்தட்டைத் தொட அதற்கு உரிமை இல்லை. கேட்பதற்குரிய வழி சிஸ்டம் கோல். 64 பிட் இன்டெல் கணினியில் ரீட் என்ற அழைப்பின் எண் 0, ரைட் 1. எண்ணைச் செயலிக்குள் உள்ள ஒரு பதிவகத்தில் வைத்துவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால் செயலி உயர்ந்த நிலைக்கு மாறிக் கேர்னல் குறித்த இடத்தில் போய் நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கணினி எழும்பி எவ்வளவு நேரம் என்று சொல்லும் அப்டைம் கோப்பு புரொக் அடைவில் இருக்கிறது, அதைக் கேட் கட்டளையால் வாசியுங்கள். இரண்டு எண்கள் வரும். அதையே எஸ்ட்ரேஸ் போட்டு ஓட்டினால் கேட் என்னென்ன அழைப்புகளை அனுப்புகிறது என்று வரிசையாகத் தெரியும். ஓப்பன், ரீட், ரைட், குளோஸ். இப்போது ரீட்டைப் பிடியுங்கள். எஃப்எஸ் அடைவில் ரீட்-ரைட் என்ற கோப்புக்குள் விஎஃப்எஸ்-ரீட் என்ற செயற்கூறு இருக்கிறது. ரீட் அழைப்புகள் எல்லாம் அந்த வாசலால்தான் போகின்றன. அனுமதி இருக்கிறதா என்று பார்க்கிறது, பிறகு திறந்த கோப்பைக் குறிக்கும் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் ஒரு பொயின்டரைப் பிடித்து அழைக்கிறது.

இந்த இடத்தில் நின்று ஆறுதலாகப் பாருங்கள். ஃபைல்-ஒபரேஷன்ஸ் என்ற ஒரு ஸ்ட்ரக்ட். உள்ளே இருப்பவை கிட்டத்தட்ட முழுவதும் செயற்கூறுகளுக்கான பொயின்டர்கள். வாசிக்க ஒன்று, எழுத ஒன்று, திறக்க ஒன்று. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை தன் செயற்கூறுகளை இதில் நிரப்புகிறது, ஒலி அட்டையின் டிரைவர் தன்னுடையவற்றை நிரப்புகிறது, புரொக் தன்னுடையவற்றை. விஎஃப்எஸ்-ரீட்டுக்கு யாரை அழைக்கிறோம் என்றே தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. பொருள்நோக்கு மொழிகள் வாரிசு, இடைமுகம் என்று சொல்வதை இவர்கள் வெறும் சி மொழியில் செய்திருக்கிறார்கள். இதே கோலம் வலையமைப்பிலும் நினைவகப் பகுதியிலும் யூஎஸ்பியிலும் திரும்பத் திரும்ப வரும். இதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் தேடிய வரைபடத்தில் பாதி கைக்கு வந்தமாதிரி.

அப்டைமுக்கு வன்தட்டே தேவையில்லை. எஃப்எஸ் அடைவுக்குள் புரொக், அதற்குள் அப்டைம் என்று ஒரு கோப்பு. ஒரு திரைக்குள் அடங்கிவிடும். நீங்கள் கேட் போடும் கணத்தில் அந்தச் செயற்கூறு ஓடி, எண்களைக் கணக்கிட்டு எழுதித் தருகிறது. கோப்பு என்று எதுவும் எங்கும் சேமிக்கப்படவில்லை. மூன்று கோடி வரியில் முழுமையாக விளங்கக்கூடிய ஒரு துண்டு இது.

பிறகு அதில் கை வையுங்கள். டெஃப்கொன்ஃபிக் என்ற இயல்பான அமைப்போடு கட்டினால், அதாவது கம்பைல் செய்தால், உங்கள் கணினிக்குத் தாங்கும். உபுண்டு தரும் அமைப்பை அப்படியே எடுக்க வேண்டாம், உலகத்தில் உள்ள எல்லா டிரைவரையும் கட்டத் தொடங்கிவிடும். கியூஎமு என்ற மெய்நிகர் கணினிக்குள் ஓட்டிப் பாருங்கள். உடைந்தாலும் உடைவது மெய்நிகர் கணினிதான், வாடிக்கையாளரின் பெட்டியல்ல.

பம்பைமடு மாணவி எழுதியது:

குளக்கட்டு அண்ணா சொன்னதில் எனக்கு ஓர் உடன்பாடின்மை. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம், சரி. ஆனால் முழு உருவத்தையும் ஒருமுறையாவது பார்த்திராதவருக்கு அந்த நூல் எங்கே போகிறது என்பது எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்று ஒரு சிறு முறைமை இருக்கிறது. பழைய யுனிக்ஸின் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி எழுதியது, மூலநிரல் திறந்தது, சில ஆயிரம் வரிகள்தான். இப்போதைய பதிப்பு ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கானது, கியூஎமுவிலேயே ஓடும். எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து அதைத்தான் வாசித்தோம். மூங்கிலாறு அண்ணாவின் கணினியில் தேநீர் ஊற்றுவதற்குள் கட்டி முடிந்துவிடும்.

உதாரணத்துக்கு ஷெடியூலர். எக்ஸ்வி6இல் அது ஒரு முடிவில்லாச் சுற்று. புரோசஸ் பட்டியலை முதலிலிருந்து பார்க்கிறது, ஓடத் தயாராக உள்ள ஒன்று அகப்பட்டால் பதிவகங்களை மாற்றி அதனிடம் செயலியைக் கொடுக்கிறது, கடிகாரம் தட்டினால் திரும்ப வாங்குகிறது. அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு லினக்ஸின் ஷெடியூலரைத் திறந்தால், அங்கே உள்ள ஆயிரக்கணக்கான வரிகளில் எது எலும்பு, எது பின்னர் வந்த சதை என்று பிரித்தறியலாம். நேரே லினக்ஸுக்குள் போனால் பூட்டுகள், பல கோர், மின்சேமிப்பு என்று வந்து எலும்பை மூடிவிடும்.

குளக்கட்டு எழுதியது:

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, கட்டாயம் வாசியுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எக்ஸ்வி6 கற்பிப்பதற்காக எழுதியது, அதனால் அழகாக இருக்கிறது. லினக்ஸின் வடிவமைப்பு அந்தச் சதையில்தான் இருக்கிறது. 2007இல் இங்கோ மொல்னார் எழுதிய சிஎஃப்எஸ் ஷெடியூலர் ஒவ்வொரு புரோசஸும் இதுவரை எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைத்து, குறைவாக ஓடியதற்கு முதலிடம் கொடுத்தது. பங்கு நியாயமாகத்தான் கிடைத்தது. ஆனால் கொஞ்ச நேரம் போதும், உடனே வேண்டும் என்று கேட்கிற புரோசஸுக்கு அதில் சொல்ல வழியில்லை. 2023இல் 6.6 பதிப்போடு ஈஈவிடிஎஃப் என்ற முறை அதன் இடத்துக்கு வந்தது. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நேரமும் உண்டு. எதற்காக மாற்றினார்கள் என்பதை மாற்றத்தோடு எழுதிய குறிப்புகளில் வாசிக்கலாம். நிரலை மட்டும் வாசிப்பவருக்கு முடிவு தெரியும், வழக்கு தெரியாது.

நந்திக்கடல் எழுதியது:

முள்ளியவளை ஆள், இப்போது ரொறன்ரோவில் சேர்வர்களோடு மல்லுக்கட்டுகிறேன். எப்படி இடியாமல் நிற்கிறது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை, அதனால் நுழைகிறேன்.

நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். மூலநிரலின் மேல் அடைவில் மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் எந்த அடைவுக்கு யார், எந்த அஞ்சல் குழு என்று எல்லாம் இருக்கும். நீங்கள் ஒரு மாற்றம் செய்தால் அதை அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இணைப்புக் கோப்பாக அல்ல, வெறும் எழுத்தாக அஞ்சலின் உடலிலேயே. வரிக்கு வரி கேள்வி வரும். ஏன் தேவை என்று எழுதாத மாற்றத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது என் எழுத்து, தருவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று கீழே கையொப்ப வரி போட வேண்டும். 2004இலிருந்து அந்த நடைமுறை.

பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டால் அவருடைய கிளைக்கு, அதாவது அவர் வைத்திருக்கும் மூலநிரல் பிரதிக்குப் போகும், அங்கிருந்து டோர்வால்ட்ஸின் கிளைக்கு. ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரம் புதிய விடயங்களுக்கான வாசல் திறந்திருக்கும். பிறகு பூட்டிவிடுவார். அதற்குப் பின் பிழை திருத்தம் மட்டும். வாரத்துக்கு ஒரு முன்னோட்டப் பதிப்பு, ஏழோ எட்டோ வந்தபின் முழுப் பதிப்பு. ஒன்பது, பத்து வாரங்களில் சுற்று முடிகிறது. புதிய வசதி தயாராகவில்லை என்பதற்காகப் பதிப்பு காத்திருப்பதில்லை, அந்த வசதிதான் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இத்தனை கிளைகளையும் தாங்க வேண்டியிருந்ததால்தான் 2005இல் டோர்வால்ட்ஸ் நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளை எழுதினார். அதுவரை அதே வேலைக்குப் பாவித்த பிட்கீப்பரின் இலவச அனுமதி கைவிட்டுப் போனதும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு விதியும் உண்டு, இடியாமல் நிற்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். வெளியே ஓடும் நிரல்கள் நம்பியிருக்கும் எதையும் கேர்னல் உடைக்கக் கூடாது. பல வருடங்களுக்கு முன் கட்டிய நிரல் இன்றும் ஓட வேண்டும். ஆனால் உள்ளே இதற்கு நேர்மாறு. கேர்னலின் பகுதிகள் தமக்குள் பேசும் முறையை எவரும் எப்போதும் மாற்றலாம், மாற்றுபவர் மூலநிரலில் அதைப் பாவிக்கும் எல்லா இடங்களையும் தானே திருத்திவிட வேண்டும். மூலநிரலுக்குள் இருக்கும் டிரைவர் இதனால் பிழைக்கிறது. தயாரித்த நிறுவனம் தன் இணையத்தளத்தில் தனியாகப் போட்டிருக்கும் டிரைவரைத் திருத்த ஆளில்லை. உங்கள் வைஃபை துண்டு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்து அதன் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, டிரைவர்ஸ் அடைவில் நெட், அதற்குள் வயர்லெஸ் பகுதியில் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி டிரைவரிலும் தான் கவனிக்கும் சாதனங்களின் எண்கள் ஓர் அட்டவணையாக இருக்கும். அட்டவணையில் எண் இல்லையென்றால் கேர்னல் அந்தத் துண்டைத் தொடாது. அதே சில்லுக்கான டிரைவர் இருந்து எண் மட்டும் விடுபட்டிருந்தால், சிஸ் அடைவில் அந்த டிரைவரின் கீழ் உள்ள நியூ-ஐடி கோப்புக்குள் எண்ணை எழுதிச் சோதிக்கலாம், கட்டத் தேவையில்லை. வேலை செய்தால் ஒரு வரி சேர்த்துப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை திருத்தி முதல் மாற்றத்தை அனுப்பச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கையில் ஒரு சாதனத்தை வைத்துச் சோதித்து அனுப்பும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

மூங்கிலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துண்டின் சொந்தக்காரர் ஊரில் இல்லை, வந்ததும் பார்க்கிறேன். அதற்கிடையில் அப்டைமில் இறங்கிவிட்டேன்.

கட்டுவதற்குத் தேவையான ஃப்ளெக்ஸ், பைசன் கருவிகள் இரண்டும் இல்லை என்று முதலில் முறைத்தது, ஏற்றினேன். கட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. திரும்ப மேக் கட்டளை கொடுத்தபோது கட்டி முடித்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து தொடங்கியது, அது ஆறுதல். பிசிபொக்ஸ் என்ற சிறிய கட்டளைத் தொகுப்போடு கியூஎமுவில் ஓட்டினேன். அப்டைம் செயற்கூறில் இரண்டு எண்களுக்கும் கீழே வணக்கம் என்று தமிழில் ஒரு வரி சேர்த்தேன். கியூஎமுவின் சாளரத்தில் கண்டபடி குறிகள் வந்தன. சாளரத்தை விட்டு டேர்மினலுக்குள்ளேயே ஓட்டியதும் தமிழ் வடிவாக வந்தது. கடையில் நின்ற பொடியனுக்குக் காட்டினேன், அவனுக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

ஒரு சந்தேகம். முதலாவது எண் கணினி எழும்பி எத்தனை விநாடி என்பது விளங்குகிறது. இரண்டாவது சும்மா இருந்த நேரம் என்கிறார்கள். என் கணினியில் இரண்டாவது எண் முதலாவதை விடப் பெரிதாக இருக்கிறது. எழும்பி இருந்த நேரத்தை விடச் சும்மா இருந்த நேரம் எப்படிக் கூடும்? கியூஎமுவில் பார்த்தால் சிறிதாகத்தான் இருக்கிறது.

குளக்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி, விடை நீங்கள் திருத்திய அதே கோப்பில் உங்கள் வரிக்குச் சற்று மேலே இருக்கிறது. எல்லாக் கோர்களையும் சுற்றி வரும் ஒரு லூப்பைப் பாருங்கள். ஒவ்வொரு கோரும் சும்மா இருந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. இரண்டு கோரும் சும்மா இருந்தால் ஒரு விநாடிக்கு இரண்டு விநாடி சேரும். கியூஎமு கேட்காவிட்டால் ஒரு கோர்தான் தரும், அதனால் அங்கே மிஞ்சவில்லை. இரண்டு கோர் கேட்டு ஓட்டிப் பாருங்கள். முதலாவது எண் எந்தக் கடிகாரத்திலிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். மடிக்கணினியை மூடித் தூங்கவைத்த நேரமும் அதில் சேரும்.

உங்கள் வணக்கம் வரியை ஒருபோதும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், காரணம் தமிழ் அல்ல. அந்தக் கோப்பில் இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. நந்திக்கடல் சொன்ன விதி இப்படிச் சின்ன இடத்திலும் பிடிக்கும்.

அடுத்து அதே புரொக்கில் லோட்அவ்ஜி. கடைசி ஒன்று, ஐந்து, பதினைந்து நிமிடச் சுமையைச் சொல்லும் மூன்று எண்கள். உங்கள் கடைக்கு வரும் பழைய கணினிகளில் செயலி சும்மா இருக்கும்போதே இந்த எண் ஏறி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வன்தட்டுக்காகக் காத்து, எழுப்பவே முடியாமல் கிடக்கும் புரோசஸ்களையும் லினக்ஸ் சுமையில் சேர்க்கிறது. ஆகவே எண் ஏறினால் முதலில் தட்டைச் சந்தேகியுங்கள். கேர்னலுக்குள் பொதுவாகத் தசமக் கணக்குச் செய்வதில்லை, முழு எண்களை வைத்தே அந்தத் தசமங்களை எப்படி வரவழைக்கிறார்கள் என்பதையும் அங்கே பார்க்கலாம். கணக்கு கேர்னல் அடைவுக்குள் ஷெட், அதற்குள் லோட்அவ்ஜி கோப்பில் இருக்கிறது. தலைப்பில் உள்ள குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். இது ஓர் அசட்டு எண், ஆனால் மக்கள் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்று எழுதியவர்களே அங்கே குறித்து வைத்திருக்கிறார்கள்.